ஒரு மணிக்குள்

வேண்டாம்னா வேண்டாம்தான், அதுல என்ன இருக்கு என்று சீனியம்மாள் இன்னும் மகன் ராஜவேலோடு சண்டை போட்டுக்கொண்டேதான் நடந்தாள். ராஜவேல் பக்கத்தில் இல்லை. அவன் இந்த ஜப்பான் ஊர் விடுதி அறையில், தரையை ஒட்டிக் கிடக்கிற குட்டை மேசையில் லேப்டாப்பை விரித்து ஆபீஸ் மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கிறான். சண்டைக்கு ஆள் எதிரில் இருந்தே ஆக வேண்டும் என்று யார் சொன்னது? முப்பத்தாறு வருஷம் குடித்தனம் பண்ணினவரோடு அவள் போட்ட நல்ல நல்ல சண்டையெல்லாம் அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போன பிறகு போட்டதுதான். போனை எடுத்துக்கிட்டுப் போம்மா, நீ எங்க நிக்கேன்னு மேப்ல பாத்துக்கிடுதேன் என்றான். ஏலே, நீ புள்ளி வச்சுப் பாத்துக்கிட்டு இருக்கிறதுக்கு நான் என்ன தீப்பெட்டி லோடு ஏத்திப் போற லாரியா? போனை மேசை மேலேயே வைத்துவிட்டாள். விடுதியின் பெயரும் விலாசமும் அச்சடித்த ஒரு அட்டையைப் பைக்குள் திணித்தான். அவன் அந்தப் பக்கம் திரும்பினதும் அதை உருவி டீக் கோப்பைக்கு அடியில் வைத்தாள். அட்டையைக் கழுத்துல கட்டிக்கிட்டு நடக்கதுக்குப் பேரு ஊர் சுத்துறதா? கோபத்தில் படபடவென்று நடை தாண்டி வாசலுக்கு வந்தாள். வாசல் கல்லில் வெளியே பார்த்து ஜோடியாக வைத்திருந்த செருப்பில் காலை நுழைத்தாள். விடுதிக்கார அம்மா மண்டி போட்டுக் கும்பிட்டு என்னமோ சொன்னாள், இவளும் போய்ட்டு வாரேன்மா என்று தமிழிலேயே சொன்னாள். பந்தயம் இதுதான். பத்து மணிக்குக் கிளம்பி, ஆற்றைத் தாண்டி, பழைய தெருவையெல்லாம் பார்த்து, ஒரு கடையில் உட்கார்ந்து மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டு, துணைக்கு ஒரு ஆள் இல்லாமல் ஒரு மணிக்குள் விடுதி வாசலை மிதிக்க வேண்டும். மிதித்துவிட்டால் கோயமுத்தூர்ப் பேச்சை அண்ணனும் தங்கச்சியும் இனி எடுக்கக் கூடாது. மிதிக்காவிட்டால் அவன் பையில், ஜிப் போட்ட உள் அறையில் இருக்கிற முதியோர் இல்லத்துப் பாரத்தில் அவள் கையெழுத்துப் போட வேண்டும். அவள் வாயால் சொன்னதுதான். நேற்று ராத்திரிச் சாப்பாட்டில், மீன் முள்ளை எடுத்துத் தட்டு ஓரத்தில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

சிவப்புப் பாலத்தைத் தாண்டும்போது மணி பத்து நாலு. கையில் அவரோட வாட்ச், வாரை மூன்று ஓட்டை உள்ளே தள்ளிக் கட்டியது. பாலம் ஒன்று, தாண்டினதும் இடது கை, ஆற்றோரமாகவே போனால் சந்தை, சந்தை முடிகிற இடத்தில் வலது கை, பழைய தெரு. வாய்க்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தாள். போதும், ஒரு தடவை போதும். கோவில்பட்டி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபது வயசில் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்தவளுக்கு எதையும் இரண்டாம் தடவை சொல்ல வேண்டியதில்லை. ஊரில் இருந்த அத்தனை தீப்பெட்டி ஆபீஸ் நம்பரும், கடலை மிட்டாய்க் கடை நம்பரும், பெரிய டாக்டர், சின்ன டாக்டர், போலீஸ் ஸ்டேஷன், பஞ்சு மில் எல்லாம் நாக்கு நுனியில் இருந்த காலம். முந்நூத்திப் பதினாலு குடும்மா என்று கேட்டால், அண்ணாச்சி இப்ப அங்க இருக்க மாட்டாக, மச்சான் கடையில இருப்பாக, நூத்தி ஏழு தாரேன் என்று பிளக்கைச் சொருகுவாள். மதுரை ஆபரேட்டர் லைனில் வந்தால் பேர் கீர் ஒன்றும் கிடையாது, அவ சொல்லுவா மதுரை பேசுறேன், இவ சொல்லுவா கோவில்பட்டி பேசுறேன். ஒரு ஊரே வாயைத் திறந்து பேசுகிற மாதிரி இருக்கும். அந்த மாதிரி உட்கார்ந்திருந்தவளைத்தான் பிள்ளைகள் இரண்டும் சேர்ந்து மறதிக்காரி என்கிறதுகள். நல்லா இருக்குல்ல நியாயம்.

சந்தை அழகாக இருந்தது, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆற்றின் ஒரு கரை முழுக்க வெள்ளைத் துணிப் பந்தல், பந்தலுக்குக் கீழே இவள் வயசுப் பெண்கள், தலையில் முண்டாசு மாதிரி துணி கட்டிக்கொண்டு ஆப்பிளும் காளானும் பாட்டில் பாட்டிலாக ஊறுகாயும் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி குச்சியில் ஒரு துண்டைக் குத்தி நீட்டினாள். சிவப்பாக இருந்ததால் பீட்ரூட் என்று நினைத்தாள், கடித்தால் முள்ளங்கி மாதிரி, புளித்தது, உப்பு இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாம். காரம் எங்கம்மா, ஒரு மொளகாய் கிள்ளிப் போடக் கூடாதா என்று கேட்டாள். அவளும் ஜப்பான் பாஷையில் பதில் சொன்னாள், நீளமாக. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அப்படிப் பேசிக்கொண்டிருந்தார்கள், ஒரு குறையும் இல்லை. பிறகு அந்தப் பெண் குனிந்து இவள் காலைப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கடைக்காரியிடம் என்னமோ சொல்ல, அவளும் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். சேலையைப் பார்க்கிறார்கள். சேலைக்குக் கீழே கம்பளிச் சாக்ஸ், ராஜவேல் வாங்கிக் கொடுத்தது, தலையணை மாதிரி கனம், அதைப் போட்டால் காலுக்குக் கீழே கல்லா மண்ணா என்றே தெரிவதில்லை. பாருங்க, நல்லாப் பாருங்க, சுங்குடிச் சேலையை வேற எங்க போய்ப் பாக்கப் போறீக. அவள் கொசுவத்தை உதறிவிட்டு நிமிர்ந்து நடந்தாள்.

மூணு வார்த்தை. இது எங்கேயிருந்து வருகிறதோ தெரியவில்லை, ஆற்றைப் பார்த்தாலும் வருகிறது, ஆப்பிளைப் பார்த்தாலும் வருகிறது. கோயமுத்தூரில் அந்த டாக்டர், தாடியை அழகாக ஒதுக்கின பையன், அம்மா நான் மூணு வார்த்தை சொல்லுவேன், கொஞ்ச நேரம் கழிச்சுக் கேப்பேன் என்றான். யானை, ரோஜா, அப்புறம் ஒன்று. நடுவில் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னான், கழித்தாள், தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது, கடகடவென்று போனாள், அவனே போதும்மா என்றான். பிறகு அந்த மூணு வார்த்தை என்றான். யானை. ரோஜா. மகள் பூங்கொடி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தன் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள், பரீட்சை எழுதுகிற பிள்ளைக்குப் பார்த்துச் சொல்ல முடியாத அம்மா மாதிரி. அதைப் பார்த்ததும் மூணாவது போயே போய்விட்டது. இன்னும் வரவில்லை. ஏழு மாசம் ஆகிறது. சாவியா? சாவி இல்லை. சாவி என்றால் வீடு ஞாபகம் வரும், வீடு என்றால் சித்திரை மாசம் ஞாபகம் வரும். ஆமா, பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் பக்கத்துத் தெரு எழவு வீட்டுக்குப் போனது உண்மைதான். யார் இல்லை என்றார்கள்? பாத்திரம் கருகி, ஜன்னல் திரை பிடித்து, எதிர்வீட்டுப் பாத்திமுத்து அக்கா அம்மிக்குழவியால் பூட்டை உடைத்து உள்ளே போய்த் தண்ணீரை ஊற்றினாள். ஒரு தடவை. அறுபத்தேழு வருஷத்தில் ஒரு தடவை. அதற்குத்தான் கோயமுத்தூரில் புல்வெளி வைத்த ஒரு கட்டடம், கட்டில் பக்கத்தில் ஒரு பித்தான், அமுக்கினால் நர்ஸ் வருவாளாம். பித்தானை அமுக்கினா பாத்திமுத்து அக்கா வருவாளா? அம்மிக்குழவியோடு வருவாளா?

பழைய தெருவுக்குள் திரும்பினதும் ஒரு நிமிஷம் சண்டையை மறந்து நின்றுவிட்டாள். இரண்டு பக்கமும் கருத்துப் பழுத்த மர வீடுகள், எல்லாம் ஒரே உயரம், எல்லாவற்றுக்கும் மரச் சட்டம் போட்ட ஜன்னல், தெரு ஓரத்தில் ஒரு முழ அகலத்துக்கு வாய்க்கால், அதில் தண்ணீர் பளிங்கு மாதிரி ஓடுகிறது. ஒரு பிளாஸ்டிக் பை இல்லை, ஒரு எச்சில் இலை இல்லை. முந்நூறு வருஷத் தெருவாம். குச்சியில் குத்தின அரிசி உருண்டையைத் தணலில் வாட்டி, சோயா தடவி விற்றுக்கொண்டிருந்தான் ஒருவன். வாங்கித் தின்றாள், இனிப்பு இருக்கும் என்று நினைத்தால் உப்பு, சுட்ட வாசனை நல்ல வாசனை. திரும்பி வருவதற்கு அடையாளம் வேண்டுமே என்று சுற்றிப் பார்த்தாள். ஒரு கடையின் தாழ்வாரத்தில் அண்டா அளவுக்கு ஒரு உருண்டை தொங்கியது, சவுக்குத் தழை மாதிரி காய்ந்த தழையை நெருக்கிக் கட்டி, ஒரு பிசிறு இல்லாமல் கத்தரித்து விட்டது. உள்ளே பாட்டில்களும் பீப்பாய்களும் இருந்ததைப் பார்த்தால் சாராயக் கடை. சரி, தழை உருண்டை வந்தால் நம்ம திருப்பம் வந்துவிட்டது, பிளக்கைச் சொருகியாச்சு. அடுத்த கடையில் சிவப்புத் துணிப் பொம்மைகள் சரம் சரமாகத் தொங்கின. கை உண்டு, கால் உண்டு, வயிற்றில் கருப்புச் சட்டை உண்டு, முகம் மட்டும் இல்லை. கண் மூக்கு வாய் ஒன்றும் இல்லாமல் வழவழவென்று சிவப்பு உருண்டை. இந்த ஊரில் நல்லதுக்கு வைப்பார்களாம், ராஜவேல் ரயிலில் சொன்னான். அவளுக்கு அதைப் பார்க்கப் பயமாக இருந்தது. பயம் பால் பாத்திரத்தைப் பற்றியது இல்லை, கையெழுத்தைப் பற்றியதுகூட இல்லை, பயம் இதுதான். ஒரு நாள் காலையில் ராஜவேல் முன்னால் வந்து நிற்பான், கை இருக்கும், கால் இருக்கும், சட்டை இருக்கும், முகம் இருக்க வேண்டிய இடத்தில் இப்படி வழவழவென்று இருக்கும். அன்னைக்கு என்ன செய்வே சீனியம்மா? அவள் சரத்தில் முன்னால் நின்ற பொம்மையைப் பிடித்துச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிவிட்டாள். அன்னைக்குள்ளதை அன்னைக்குப் பாப்போம்டி. இன்னைக்கு அவன் மூக்கு எனக்குத் தெரியுது, எங்க அப்பா மூக்கு, இடது பக்கம் கொஞ்சம் சாஞ்சது.

பதினொன்றரைக்குப் பசித்தது. ஒரு வீட்டு வாசலில் துணித்திரை தொங்க, சாப்பாட்டுப் படம் ஒட்டியிருந்தது. உள்ளே மண் நடை, அதற்கு மேலே ஒரு படி, படிக்கு மேலே பாய் விரித்த அறை. கழுத்தில் கண்ணாடி தொங்கப் போட்ட ஒரு பெண் வா வா என்று கையைக் காட்டினாள். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறு என்று யாரும் இவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, இவள் ஊர்ப் பழக்கம் அது. ராஜவேல்தான் முந்தாநாள் விடுதிக்கு வந்த நிமிஷத்திலிருந்து பாடம் நடத்திக்கொண்டிருந்தான். அம்மா, பாய் மேல வெறுங்கால். நடையில இந்த மஞ்சச் செருப்பு. கக்கூஸுக்கு மட்டும் இந்தப் பச்சைச் செருப்பு, உள்ளயே போட்டு உள்ளயே விடணும், அதைப் போட்டுக்கிட்டு வெளிய வந்துராத, எல்லாரும் சிரிப்பாக. மூன்று தடவை சொன்னான். பேரப்பிள்ளை மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு கேட்டாள். இப்போது படியில் ஏறித் திரும்பிப் பார்த்தால், கண்ணாடிக்காரப் பெண் மண்டி போட்டு இவள் செருப்பைத் தூக்கி, குதிகால் இந்தப் பக்கம் வருகிற மாதிரி வாசலைப் பார்த்துத் திருப்பி வைத்தாள். அப்படி வைத்தால் போகும்போது காலை நுழைத்துக்கொண்டு போய்விடலாமாம், என்ன மரியாதை பாரு. வைத்துவிட்டு வாரில் விரலை வைத்துக் காட்டி, ஒரு பெயரைச் சொல்லி, அங்கே தங்கியிருக்கிறீர்களா என்பது மாதிரி கேட்டுச் சிரித்தாள். சீனியம்மாள் குனிந்து பார்த்தாள். அது அவள் செருப்பு இல்லை. காப்பிக்கொட்டை நிறத்தில் ரப்பர் செருப்பு, அகல வார், வார் மேல் வெள்ளையில் நாலு எழுத்து. விடுதிச் செருப்பு. முற்றத்துக்கோ தோட்டத்துக்கோ போக வாசல் கல்லில் எப்போதும் ஜோடியாக வைத்திருப்பது. அவளுடைய பெருவிரல் வைத்த தோல் செருப்பு விடுதியின் மர அலமாரியில், இரண்டாம் தட்டில், சாட்சி மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

போச்சு. போச்சுடா சாமி. இலைச் சாப்பாடு வந்துவிட்டது, கைப்பிடி அளவுக்கு ஒரு மண் அடுப்பு, அடுப்பு மேல் காய்ந்த பெரிய இலை, இலை மேல் துவையல் மாதிரி ஒரு சாந்து, அதில் காளானும் வெங்காயத்தாளும், கீழே நீலத் தீ. தீயைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அவன் அலமாரியைத் திறந்திருப்பானா? திறந்திருப்பான், அவனுக்கு அரைமணிக்கு ஒரு தடவை வாசலை எட்டிப் பார்க்காமல் இருக்க முடியாது. பாத்தியா பூங்கொடி, யாரோட செருப்புன்னுகூடத் தெரியாமப் போட்டுக்கிட்டுப் போயிருக்கு. அவள் அழுவாள். இரண்டு பேரும் பாசத்தில்தான் பேசுவார்கள், அதுதான் கொடுமை, விரோதிகளாக இருந்தால் செருப்பைக் கையில் எடுத்துப் பேசலாம். சாந்து ஓரத்தில் கொதித்து இலை கருக ஆரம்பித்தது. கருகல் வாசனை. சித்திரை மாச வாசனை. ஓடிப்போய் விடுதிக்குப் பின்பக்கமாக நுழைந்து செருப்பை மாற்றி வைத்துவிட்டால்? ஒருத்தருக்கும் தெரியாது. கை குச்சியைத் தேடிப் போய்ப் பாதியில் நின்றது. ஏன்டி சீனியம்மா, திருடியா நீ? என்னத்தைத் திருடினே? கோவத்துல போனா யாரும் கண்ணு முன்னால கிடக்கிற செருப்பைத்தான் போடுவாக. கல்யாண வீட்டுல போய்ப் பாரு, பாதிப் பேரு மத்தவன் செருப்பைப் போட்டுக்கிட்டுத்தான் வீட்டுக்குப் போறான், அத்தனை பேரையுமா புல்வெளிக்கு அனுப்புறாக? பயந்தவள் சாப்பிட மாட்டாள். நான் சாப்பிடுவேன். குச்சியைத் தள்ளி வைத்துவிட்டு, சோற்றைக் கையால் அள்ளி, இலையிலிருந்த சாந்தைத் தொட்டு, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். கண்ணாடிக்காரப் பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஈரத் துண்டு ஒன்று அதிகமாகக் கொண்டுவந்து வைத்தாள்.

வெளியே வந்து திருப்பி வைத்திருந்த செருப்பில் காலை நுழைத்தபோது மணி பன்னிரண்டு பத்து. தழை உருண்டையைத் தேடி நடந்தாள். வந்துவிட்டது. அதோ, தாழ்வாரத்தில் தொங்குகிறது. இடது கை திரும்பினால் சந்தை. திரும்பினாள், சந்தை இல்லை, இன்னொரு தெரு, அதே கருப்பு மரம், அதே ஜன்னல், அதே வாய்க்கால், கொஞ்ச தூரத்தில் இன்னொரு தழை உருண்டை. இது என்னடா வம்பு? அங்கே போனாள். எதிர்ச் சாரியில் இன்னொன்று, அது கொஞ்சம் பச்சையாக. சாராயக் கடைக்குச் சாராயக் கடை தொங்கவிட்டிருக்கிறார்கள். அது அடையாளம் இல்லை, போர்டு. வாழைமரம் கட்டின வீடுதான் கல்யாண வீடு என்று முகூர்த்த நாளில் வழி சொன்னவன் கதை ஆகிவிட்டது. யானை, ரோஜா. மணி பன்னிரண்டு இருபது. எல்லா வீடும் ஒன்றுபோல ஆகிவிட்டால் என்ன செய்வது, எல்லா முகமும் ஒன்றுபோல ஆகிவிட்டால் என்ன செய்வது, அட்டையை டீக் கோப்பைக்கு அடியில் வைத்தாயே திமிர் பிடித்தவளே, யானை, ரோஜா, விடுதி பேராவது ஞாபகம் இருக்கா, க-வில் ஆரம்பிக்கும், இல்லை, அது ரயில் ஸ்டேஷன், யானை, ரோஜா. நின்றாள். வாய்க்கால் ஓரத்தில் நின்று மூச்சு வாங்கினாள். தண்ணீர் அவசரமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணி எங்க போகும்? தண்ணிக்கு மறதியா இருக்கு? எல்லா வாய்க்காலும் ஆத்துக்குத்தானே போய் ஆகணும். அவள் தண்ணீரோடு நடந்தாள். அது ஒரு சந்தில் நுழைந்தால் இவளும் நுழைந்தாள், ஒரு கல்லுக்கு அடியில் மறைந்தால் அந்தப் பக்கம் போய் நின்று அது வெளியே வருகிறதா என்று பார்த்தாள். ஐந்து நிமிஷத்தில் ஆறு வந்தது. பார்த்தியாடா டாக்டரு.

ஆறு வந்தது, பாலமும் வந்தது, ஆனால் பாலம் சிவப்பு இல்லை. சாம்பல் கல் பாலம். சந்தைப் பந்தலையெல்லாம் அவிழ்த்துவிட்டார்கள் போல, கரை வெறிச்சென்று கிடந்தது. இடது கையா வலது கையா? இரண்டு பக்கமும் தூரத்தில் பாலங்கள் தெரிந்தன, வெயிலில் எல்லாம் ஒரே நிறம். காலையில் இந்தக் கரையோரமாக வரும்போது தண்ணீர் என் கூட வந்ததா, எதிர்த்து வந்ததா? கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். ஊறுகாய்க்காரியிடம் நிற்கிறாள், குச்சியில் முள்ளங்கி, ஆற்றில் ஒரு பழுத்த இலை. அந்த இலை இவளைத் தாண்டி முன்னால் போனது. கூடத்தான் வந்தது. அப்படியென்றால் இப்போது எதிர்த்துப் போக வேண்டும். கூடத்தான் வந்ததா, இல்லை, கூட வர வேண்டும் என்று ஆசைப்பட்டு இலையைப் போட்டுப் பார்க்கிறாயா? இதுதான் ஏழு மாசமாகப் பிள்ளைகள் செய்த வேலை. அவள் கண்ணால் பார்த்ததையே அவளை நம்ப விடாமல் செய்துவிட்டார்கள். பன்னிரண்டு முப்பத்தாறு. தப்பான பக்கம் போனால் திரும்பி வர நேரம் இல்லை. கேட்டுவிடலாம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும். கேட்டுப் போவது துணை ஆகாது, கேட்டுப் போறது தப்பு என்றால் நாட்டில் பாதிப் பேர் வீடு போய்ச் சேர மாட்டார்கள். ஆனால் எதைக் கேட்பது? பெயர் தெரியாது. அப்போதுதான் கண்ணாடிக்காரி விரலை வைத்துக் காட்டின நாலு எழுத்து ஞாபகம் வந்தது. பெயர் காலில்தான் கிடக்கிறது.

ஒரு வீட்டு வாசலில் ஒருவர் தொட்டிச் செடியைக் கத்தரித்துக்கொண்டிருந்தார், வயசு எழுபதுக்கு மேல் இருக்கும், கம்பளிக் குல்லா. சீனியம்மாள் அவர் முன்னால் போய் நின்று காலை ஒருக்களித்துக் காட்டினாள். அவர் சேலைக் கரையைப் பார்த்து, அழகு என்கிற மாதிரி தலையை ஆட்டினார். அட ராமா. காலை இன்னும் கொஞ்சம் தூக்கினாள், விழப் போனாள். கழற்றிக் காட்டினால் ஒழிய வேலைக்கு ஆகாது. ஆனால் செருப்பைக் கழற்றி ஒரு ஆம்பிளைக்கு நேரே நீட்டுவதா? அவள் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அதைச் செய்திருக்கிறாள், எண்பத்தொன்றாம் வருஷம், எட்டயபுரம் பஸ்ஸில் பின்னால் நின்று உரசின ஒருத்தனுக்கு. அவன் ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதித்தான். இந்த மனிதர் என்ன பாவம் செய்தார், செடிக்கு முடி வெட்டிக்கொண்டிருக்கிறார். கை மறுத்தது. நிஜமாகவே வலது கை கீழே போக மறுத்து இடுப்பிலேயே நின்றது. பன்னிரண்டு நாற்பது. அய்யா, மன்னிச்சிருங்க, எங்க ஊர்ல இது பெரிய மரியாதைக் குறைச்சல், எனக்கு வேற வழியில்ல என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு இடது செருப்பைக் கழற்றினாள். முந்தானையால் அடியைத் துடைத்தாள். இங்கே கடையில் எதைக் கொடுத்தாலும் இரண்டு கையால் கொடுக்கிறார்களே, அதே மாதிரி இரண்டு கையாலும் ஏந்தி, தலையைக் குனிந்து நீட்டினாள். அவர் கத்தரியைக் கீழே வைத்தார். அவரும் குனிந்தார். இரண்டு கையாலும் வாங்கி, தூரத்தில் பிடித்து, கல்யாணப் பத்திரிகை மாதிரி எழுத்தெழுத்தாகப் படித்தார். படித்துவிட்டு ஆஹா என்று ஒரு பெயரைச் சொல்லி, தண்ணீர் வருகிற பக்கம் கையை நீட்டி, இரண்டு விரலைக் காட்டினார். தண்ணீரை எதிர்த்து, இரண்டாவது பாலம். இலை கூடத்தான் வந்தது! அவள் கண்ணில் குபுக்கென்று நீர் வந்துவிட்டது. நான் பார்த்தது நான் பார்த்ததுதான். அவர் செருப்பைக் குனிந்து அவள் காலுக்கு நேராகத் தரையில் வைத்துவிட்டு, கூட வருகிறேன் என்பது மாதிரி கிளம்பினார். வேண்டாம் வேண்டாம், நானே போயிருவேன், பந்தயம் என்று இரண்டு கையையும் ஆட்டித் தடுத்து, பையிலிருந்து ஒரு கடலை மிட்டாய்ப் பொட்டலத்தை எடுத்து அவர் கையில் வைத்துவிட்டு விறுவிறுவென்று நடந்தாள்.

சிவப்புப் பாலத்தில் மணி பன்னிரண்டு நாற்பத்தொன்பது. ஓடவில்லை. ஓடி வந்த மாதிரி இருக்கக் கூடாது. மூணாவது வார்த்தை பாலத்து நடுவில் வருகிற மாதிரி வந்து வராமல் போனது. போகட்டும். அந்த டாக்டரைக் கூப்பிட்டு இப்போது கேட்டால் அவனுக்கு மட்டும் ஞாபகம் இருக்குமா, அவன் தாளைப் பார்த்துத்தானே படித்தான். செருப்பை மறைக்கிறதில்லை என்று முடிவு பண்ணினாள். பின்பக்கம் போகிறதில்லை. முன்வாசல் வழியாக, எழுத்து தெரிகிற மாதிரி, டக் டக்கென்று.

வாசலில் ராஜவேல் நின்றிருந்தான். ஒரு கையில் காதோடு போன், இன்னொரு கையில் அவளுடைய தோல் செருப்பு ஒற்றை. முகம் வெளுத்திருந்தது. விடுதிக்கார அம்மா அவனுக்குப் பின்னால் கைகளைக் கோத்து நின்றாள்.

“வந்துட்டா, அம்மா வந்துட்டா, இரு பூங்கொடி” என்றான். “அம்மா! என்னம்மா நீ, செருப்பு இங்க கிடக்கு, போன் இங்க கிடக்கு, அட்டை கோப்பைக்கு அடியில கிடக்கு. எனக்கு உசிரே இல்ல. எதைப் போட்டுக்கிட்டுப் போன?”

“இவுக செருப்பை.” காலை நீட்டிக் காட்டினாள். “கோவத்துல மாத்திப் போட்டுட்டேன். சாப்பாட்டுக் கடையிலதான் பாத்தேன். வழியும் தப்புச்சு. ஒருத்தர்ட்ட கேட்டேன். மணி என்னலே?”

அவன் போனைப் பார்த்தான். “பன்னெண்டு அம்பத்தஞ்சு.”

“அவ்வளவுதான்.”

“அதில்லம்மா. செருப்பு மாறினதே தெரியாம அவ்வளவு நேரம் சுத்தியிருக்க பாரு, இதைத்தான் நாங்க ஏழு மாசமாச் சொல்லுதோம். நீ கோவப்படாத. இது ஒரு அறிகுறிம்மா...”

அவன் பேசிக்கொண்டே போனான். நிஜமாகவே பயந்திருக்கிறான், பிள்ளை. மூக்கு இடது பக்கம் சாய்ந்திருந்தது. அவள் கண் மூக்கிலிருந்து கழுத்துக்கு, கழுத்திலிருந்து சட்டைக்கு, சட்டையிலிருந்து கீழே இறங்கி அங்கேயே நின்றது. விடுதிக்கார அம்மாவும் அங்கேதான் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள், உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு.

“ராஜவேலு.”

“என்னம்மா?”

“உன் காலைப் பாரு.”

அவன் பார்த்தான். பச்சைச் செருப்பு. மேலே வெள்ளையில் கக்கூஸ் என்று எழுதியிருந்ததை அவனுக்கு நன்றாகவே படிக்கத் தெரியும்.

யாரும் சிரிக்கவில்லை. சீனியம்மாள் விடுதிச் செருப்பைக் கழற்றி, வாசல் கல்லில், வெளியே பார்த்து ஜோடியாக வைத்தாள். பிறகு படியேறி அவன் தோளைத் தட்டினாள்.

“போய் அதை இருந்த எடத்துல விட்டுட்டு வா. ஒருத்தரும் உன்னையப் புல்வெளிக்கு அனுப்ப மாட்டாக. போனைக் குடு.”

அவன் கொடுத்தான். அந்தப் பக்கம் மகள் அண்ணா அண்ணா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். சீனியம்மாள் கொண்டையைச் சரி பண்ணிக்கொண்டு, ஹெட்போன் மாட்டினவள் மாதிரி நிமிர்ந்து நின்று, போனைக் காதில் வைத்தாள்.

“பூங்கொடியா? கோவில்பட்டி பேசுறேன்.”